நூற்றில் ஓர் இடம், கேட்பவர் ஐந்து வகை: குமரியிலிருந்து ஒரு கணக்கு

குமரி மாவட்டத்தில் கல்யாண வீடோ துக்க வீடோ, எங்கே போனாலும் ஒரு கேள்வி தப்பாது. "பயலுக்கு சோலி ஏதாவது ஆச்சா?" இங்கே சோலி என்றால் வேலை. அதிலும் முதல் அர்த்தம் அரசாங்க வேலை, இரண்டாவது அர்த்தம் கல்ஃப். இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் "பாத்துட்டு இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

ஆட்டிசம் உள்ள பையன், டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமத்தோடு எப்படியோ பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய பெண், அறிவுசார் குறைபாடு உள்ள இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. இவர்கள் வேலைக்குப் போக அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சட்டம் இருக்கிறது, இடஒதுக்கீடு இருக்கிறது, உதவித்தொகை, கடன், பயிற்சி எல்லாம் இருக்கிறது. வாசலை அகலமாகவே வெட்டியிருக்கிறார்கள். வாசலிலிருந்து உள்ளே இருக்கும் நாற்காலி வரை கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை. இந்த இடைவெளி எப்படி உண்டானது என்பது கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. தமிழ்நாட்டிலேயே முதலிடம். மேடைதோறும் சொல்லிப் பூரிக்கிற எண் இது. படிப்புதான் ஏணி என்று நாலு தலைமுறையாக நம்பிய ஊரில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு என்ன பெயர் கிடைக்கும்? மக்கு, சோம்பேறி, வீம்புக்காரன். அதே கணக்கெடுப்பு மாற்றுத்திறனாளிகளையும் எண்ணியது. ஆனால் அந்தப் படிவத்தில் இருந்தவை 8 வகைகள்தான். ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டம் இல்லை, கற்றல் குறைபாட்டுக்கும் இல்லை. ஏறக்குறைய 18.7 லட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கை வைத்துச் சொல்ல வழியே இல்லை. எண்ணாத ஆளுக்குத் திட்டம் போடுவது எப்படி என்பது வேறு கதை.

பெயரிலேயே தொடங்கும் சிக்கல்

1995 சட்டத்தில் இருந்தவை 7 வகைக் குறைபாடுகள். அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கினார்கள். பார்வைக்கு ஒன்று, செவிக்கு ஒன்று, கை கால் இயக்கத்துக்கு ஒன்று. அப்போது 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று அழைக்கப்பட்டவர்கள் பட்டியலில் இருந்தார்கள், வேலை ஒதுக்கீட்டில் இல்லை. ஆட்டிசமும் டிஸ்லெக்சியாவும் பட்டியலிலேயே இல்லை.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. வகைகள் 21 ஆயின. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு மூன்றும் தனித்தனியாக இடம் பெற்றன. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்றால் வாசிப்பு, எழுத்து, கணக்கு இவற்றில் மட்டும் மூளை வேறு வழியில் ஓடுவது. டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா எல்லாம் அதற்குள் வரும். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் மாநில அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்' என்று ஒரு சொற்றொடர் உண்டு. எழுதியவர் ஓர் ஆட்டிசப் பிள்ளையோடு அரை நாள் இருந்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். ட்யூப்லைட்டின் மெல்லிய இரைச்சல், மிக்ஸி சத்தம், சட்டைக் காலரில் குத்தும் லேபிள் என்று வெளி உலகம் அளவுக்கு மீறி உள்ளே கொட்டுவதுதான் அவர்களில் பலருக்குப் பிரச்சினை. சரி, படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயரைத் தேடித்தான் டிக் அடிக்க வேண்டும்.

ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக்குறைவு, மிகைத்துடிப்பு நிலை அந்த 21-ல் தனி வகையாக இல்லை. மூளை வேறு விதமாக இயங்குபவர் என்ற பொருளில் இப்போது 'நியூரோடைவர்ஜென்ட்' என்ற சொல் தமிழ் யூடியூபிலும் புழங்குகிறது, அதில் ஏ.டி.ஹெச்.டி. முதல் ஆளாக வரும். சட்டத்தின் கண்ணில் அதை மட்டும் வைத்திருப்பவருக்கு ஒதுக்கீட்டில் இடமில்லை. கூடவே கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ இருந்தால் அந்த வழியாகத்தான் நுழைய முடியும்.

நாற்பது என்ற கோடு

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. பாதிப்பு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்று சொல்ல வேண்டும். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நிறமே இதைக் காட்டிக்கொடுக்கும். 40-க்குக் கீழே என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், அதற்கு மேல் நீலம். வேலை ஒதுக்கீட்டுக்கு வெள்ளை அட்டை உதவாது.

இந்த விழுக்காட்டை எப்படி அளக்கிறார்கள் என்பது வேடிக்கையான சங்கதி. கால் ஊனத்தை அளக்கலாம், பார்வையை அட்டை வைத்து அளக்கலாம். ஆட்டிசத்துக்கு ஐசா என்ற இந்திய அளவுகோல் இருக்கிறது. 40 கேள்விகள், உச்ச மதிப்பெண் 200. 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று பொருள். 70-ஐத் தொட்டால் 40 விழுக்காடு. அறிவுசார் குறைபாட்டுக்கு அன்றாட வாழ்வில் தானே என்னென்ன செய்துகொள்கிறார் என்பதை வைத்து மதிப்பெண். அது 55 முதல் 69 வரை என்றால் 50 விழுக்காடு. 70 முதல் 84 வரை என்றால் 25 விழுக்காடுதான்.

இந்த 70-84 ஆட்களைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்வேன். நம் ஊர்ப் பள்ளிகளில் கடைசி பெஞ்சில் இருந்தவர்கள். பத்தாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டியிருப்பார்கள். பஸ் ஏறத் தெரியும், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கத் தெரியும். ஒரு போட்டித் தேர்வை நினைத்தும் பார்க்க முடியாது. கெட்டிக்காரர்களோடு போட்டி போட முடியாத அளவுக்கு மெதுவானவர்கள், சலுகை கேட்க முடியாத அளவுக்குத் தேறியவர்கள். சட்டம் இரண்டு கையாலும் தள்ளிவிடும் கூட்டம் இது.

கற்றல் குறைபாட்டில் இன்னொரு முடிச்சு. 2018-ல் வெளியான மதிப்பீட்டு விதிகளின்படி 8 வயதில் சான்று, 14-லும் 18-லும் மறுபடி சோதனை, 18-ல் தரும் சான்று ஆயுளுக்கும் செல்லும். சோதனைக் கருவியோ பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் சிறுவர்களுக்காக உருவாக்கியது. பள்ளியிலேயே கண்டுபிடித்தவர்களுக்கு இது பாதை. பள்ளியில் 'மக்கு' என்று பெஞ்சில் ஏற்றி நிறுத்தி விட்டுவிட்டவர்கள் இருபத்தைந்து வயதில் விவரம் தெரிந்து வந்தால், எட்டு வயதில் தனக்கு என்ன இருந்தது என்பதை அப்போதுதான் நிரூபிக்கப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம் என்று சலுகைகள் உண்டு. அவற்றைக் கேட்டால் பிள்ளையின் மேல் முத்திரை விழுந்துவிடும் என்று தயங்கும் பெற்றோர்தான் நம் பக்கம் அதிகம். அந்தத் தயக்கத்தின் விலை பத்து வருஷம் கழித்து வரும்.

சான்றுக்கு விண்ணப்பிப்பது பொதுவாகச் சொந்த மாவட்டத்தில்தான். இங்கே அதற்கான பெரிய அரசு மருத்துவமனை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி. ஆனால் சிகிச்சை, பயிற்சி என்று வரும்போது குமரிக்காரர்களின் கால் வடக்கே போவதைவிட மேற்கே போவது சுலபம். மத்திய அரசின் பன்முகக் குறைபாட்டு நிறுவனம் சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர்தான். அங்கே ஆக்குளத்தில் நிஷ் என்கிற பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, நாலாஞ்சிறையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் வேலைவாய்ப்பு வழிகாட்டு மையம் இருக்கிறது. காலையில் பாசஞ்சர் பிடித்துப் போய்ச் சாயங்காலம் திரும்பும் தாய்மார்கள் உண்டு. தெரபி மலையாளத்தில், பள்ளி தமிழில், சான்று ஆங்கிலத்தில். பேசவே சிரமப்படும் பிள்ளைக்கு மூன்று மொழி.

ஒரே இடத்துக்கு ஐந்து பேர்

இப்போது வேலைக்கு வருவோம். 2016 சட்டத்தின் 34-வது பிரிவு அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. பழைய மூன்று பிரிவுகளுக்குத் தலா 1. நாலாவது 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு என்று ஐந்து வகைக்கும் சேர்த்து. தமிழ்நாடும் 2017-லேயே இதற்கு அரசாணை போட்டுவிட்டது.

நூறு இடத்தில் ஒன்று என்பது குறைவா அதிகமா என்பதைவிட, அந்த ஒன்றுக்கு யார் யாரை ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். டிஸ்லெக்சியா உள்ள ஒரு பொறியியல் பட்டதாரியும், அறிவுசார் குறைபாட்டோடு எட்டாம் வகுப்பு வரை போன ஒருவரும் ஒரே பெட்டியில். தேர்வு முறை எழுத்துத் தேர்வு. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்ளலாம். 3 மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண். தகுதியுள்ள மாற்றுத்திறனாளிக்கு மணிக்கு 20 நிமிடம் வீதம் ஒரு மணி நேரம் கூடுதல். கட்டணம் கிடையாது, வயது வரம்பில் 10 ஆண்டு தளர்வு. எல்லாம் நல்லதுதான். ஆனால் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு ஒரு மணி நேரம் என்ன, ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தாலும் தேர்வின் வடிவமே எதிரி. முடிவு தெரிந்ததுதான். ஐந்து பேர் பெயரில் வரும் இடத்தைத் தேர்வு எழுதத் தெரிந்தவர் எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரும் ஆயுள் முழுக்க அடி வாங்கி வந்தவர்தான்.

ஒதுக்கீடு செல்லும் பணிகள் எவை என்று 2021 ஜனவரியில் மத்திய அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. மொத்தம் 3566 பணிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உட்கார வேண்டும், நிற்க வேண்டும், நடக்க வேண்டும், பார்க்க வேண்டும், பேச வேண்டும் என்று தேவைகளும், எந்த வகையினர் அதைச் செய்யலாம் என்ற குறிப்பும் இருக்கும். ஆட்டிசத்திலும் லேசானது, நடுத்தரமானது என்று பிரித்திருப்பார்கள். எழுத்தர் வேலை என்றால் 'வாசிப்பு, எழுத்து' என்பது தேவைக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். கற்றல் குறைபாடு உள்ளவருக்குச் சிரமமே அந்தக் கட்டம்தான். அந்த ஐந்து வகையினர் வரிசையில் நிரம்பாத இடம் அடுத்த ஆண்டுக்குப் போகும். அப்போதும் ஆள் கிடைக்காவிட்டால் மற்ற வகை மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆக, இந்த 1 விழுக்காட்டை அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிட ஓர் அலுவலகம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு வருஷம் சும்மா இருந்தால் போதும்.

நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். எழுதும்போது கை இறுகிவிடும் சிக்கல் உள்ள ஒருவர் மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரின் உதவி கேட்டார், 40 விழுக்காடு இல்லை என்று மறுத்தார்கள். விகாஷ் குமார் வழக்கு என்று பெயர். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், 40 விழுக்காடு என்பது ஒதுக்கீட்டுக்கான கோடு, தேர்வு எழுத உதவி கேட்பதற்கு அந்தக் கோடு தேவையில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் மத்திய அரசு வழிகாட்டு விதி கொண்டுவந்தது. வெள்ளை அட்டைக்காரர்களுக்கு இதுவரை கிடைத்ததில் உருப்படியான ஒன்று இது. தேர்வு மையத்தில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்குமா என்றால், தீர்ப்பை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போவது நல்லது என்றுதான் சொல்வேன்.

சலுகை எட்டாத சின்னக் கடைகள்

அரசு வேலை எத்தனை பேருக்குக் கிடைத்துவிடும்? பெரும்பாலானோர் தனியாரிடம்தான் போக வேண்டும். தனியார் நிறுவனங்கள் தம் ஊழியரில் 5 விழுக்காடாவது மாற்றுத்திறனாளிகளை வைத்துக்கொள்ள ஊக்கத்தொகை தர வேண்டும் என்று சட்டத்தின் 35-வது பிரிவு சொல்கிறது. 'பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வாலும் உண்டு. கையில் தெரியும் ஊக்கம் என்றால் 2008-ல் வந்த மத்தியத் திட்டம் ஒன்று. மாதச் சம்பளம் 25,000 வரை வாங்கும் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பங்கை 3 ஆண்டுக்கு அரசே கட்டும் என்று அப்போது அறிவித்தார்கள்.

இதைச் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் வைத்துப் பார்த்தால் அர்த்தம் இருக்கிறது. மார்த்தாண்டத்தில் வைத்துப் பாருங்கள். பி.எஃப். பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு, ஈ.எஸ்.ஐ. 10 பேருக்கு. நம் மாவட்டத்தில் பெரிய தொழிற்சாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. முந்திரி ஆபீஸ், செங்கல் சூளை, கயிறு, மீன், ரப்பர் தோட்டம் போக மிச்சமெல்லாம் கடைதான். பேக்கரி, பாத்திரக்கடை, ஸ்டேஷனரி, நேந்திரங்காய் சிப்ஸ் போடும் இடம், நர்சரி. நாலு பேர், ஆறு பேர். அண்ணாச்சி, அவர் மச்சினன், இரண்டு பையன்கள். இவர்கள் கட்டாத பி.எஃப்-ஐ அரசு எப்படித் திருப்பித் தரும்? சம வாய்ப்புக் கொள்கை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் 20 பேர் என்ற அளவில்தான் கனக்கிறது. அதற்குக் கீழே உள்ள இடத்தில் வசதிகளைக் குறிப்பிட்டால் போதும். இப்படி வேலை நிஜமாக இருக்கும் இடத்தைத் திட்டம் தொடவே இல்லை.

இதில் ஒரு முரண் என்னவென்றால், இந்தப் பிள்ளைகளில் பலருக்குச் சின்னக் கடைதான் பெரிய கம்பெனியைவிடப் பொருந்தும். தெரிந்த முகங்கள், மாறாத வேலை, முதலாளி பக்கத்திலேயே இருப்பார். தோவாளையை எடுத்துக்கொள்ளலாம். 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்த மாணிக்க மாலை அங்கே கட்டுவது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை இலை மூன்றையும் கணக்குத் தப்பாமல் மடித்து மடித்துப் பாய் போல நெய்யும் வேலை. வரிசை, வடிவம், ஒரே அசைவு திரும்பத் திரும்ப. இதில் மனம் ஒன்றிவிடும் ஆட்டிச இளைஞர் இருக்கலாம். ஆனால் அதே ஆளை விடியற்காலைத் தோவாளைச் சந்தைக்குள் நிறுத்தினால் ஏலச் சத்தம், லாரி ஹாரன், மூக்கைத் துளைக்கும் பிச்சி வாசம் எல்லாம் சேர்ந்து பத்து நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவார். வேலை ஒன்றுதான், இடம்தான் வேறு. வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்தால் கட்டுவார். சட்டம் 'நியாயமான வசதி' என்று சொல்வது இதைத்தான். பெரிய செலவு எதுவும் இல்லை. வாயால் சொல்வதை எழுதிக் கொடுப்பது, படம் ஒட்டி வைப்பது, நேரத்தை மாற்றாமல் இருப்பது, ஓரமாக ஓர் இடம்.

(ஆட்டிசம் என்றாலே கணக்கில் புலி, நினைவாற்றலில் யானை என்று ஒரு சினிமா நம்பிக்கை இருக்கிறது. அது இல்லாத பிள்ளைகளின் பெற்றோருக்கு அதைப் போன்ற எரிச்சல் வேறில்லை.)

சுயதொழிலும் அப்படித்தான். மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் மாற்றுத்திறனாளி கிராமப்புறத்தில் தொழில் தொடங்கினால் 35 விழுக்காடு மானியம், கைப்பணம் 5 விழுக்காடு போதும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிதிக் கழகத்தின் கடனை, அறிவுசார் குறைபாடு உள்ளவருக்காகப் பெற்றோரோ சட்டப்பூர்வக் காப்பாளரோ வாங்க வழி இருக்கிறது. நம் பக்கம் தேனீ வளர்ப்பு இதற்கு நல்ல பொருத்தம் என்பது என் எண்ணம். மார்த்தாண்டம் தேனுக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும் மாதங்களில் தளிரின் அடியில் சுரக்கும் இனிப்பைத் தேனீ எடுத்து வரும். அதுதான் நம் தேனின் பெரும்பகுதி. வாரம் ஒருமுறை பெட்டி பார்ப்பது, எறும்பு ஏறாமல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவது, தேனடைச் சட்டகத்தை எடுத்துக் கருவியில் வைத்துச் சுற்றுவது. கூட்டம் கிடையாது, பேச்சுக் கிடையாது, அடுத்து என்ன என்பதில் குழப்பம் கிடையாது. கொட்டு வாங்குவதற்கு மட்டும் துணிய வேண்டும். ஆனால் நம் தொழிற்பயிற்சி இல்லங்கள் பலவற்றில் போய்ப் பார்த்தால் மெழுகுவத்தி, பினாயில், காகித உறை. எந்தப் பிள்ளையாக இருந்தாலும் அதே மூன்று. யார் வாங்குவார்கள்? டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று அலுவலர்கள் வாங்குவார்கள்.

பக்கத்தில் நிற்கும் ஆள்

திறன் பயிற்சிக்கு மத்திய அரசு 2015-ல் ஒரு தேசியச் செயல்திட்டமே போட்டது. பயிற்சி, சான்றிதழ், வேலைக்கு அனுப்புவது என்று வரிசை. மாநிலத்தில் தனியார் வேலைவாய்ப்பு இணையதளமும் நான் முதல்வன் திட்டமும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கற்பனை: முதலில் பயிற்சி, பிறகு வேலை. வகுப்பறையில் கற்றதைக் கடையில் பயன்படுத்துவார் என்ற நம்பிக்கை. அறிவுசார் குறைபாட்டிலும் ஆட்டிசத்திலும் தடுக்கி விழும் இடமே அதுதான். ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் அவர்களில் பலருக்குக் கடினம். பயிற்சி மையத்து அடுப்பில் சாயா போடத் தெரிந்தவருக்குக் கடை அடுப்பு புது ஜந்து. அதனால் உலகில் பல இடங்களில் முறையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். முதலில் வேலையில் அமர்த்து, அங்கேயே வைத்துக் கற்றுக்கொடு. அதற்கு ஒரு வேலைத் துணையாளர் வேண்டும்.

அவர் என்ன செய்வார்? முதல் நாள் கடைக்குப் போய்த் தானே அந்த வேலையைச் செய்து பார்ப்பார். அதைப் பன்னிரண்டு சின்ன அடிகளாக உடைப்பார். இளைஞரோடு நின்று ஒவ்வோர் அடியாகப் பழக்குவார். மூன்றாவது வாரம் தள்ளி நிற்பார். ஐந்தாவது வாரம் வெளியே நிற்பார். அப்புறம் மாதம் ஒருமுறை வருவார், இல்லை போன் செய்வார். இதற்கிடையில் கூட வேலை செய்பவர்களிடம் "அவன் கண்ணைப் பார்த்துப் பேசலைன்னா திமிரு இல்லண்ணே" என்று புரியவைப்பார். முக்கால்வாசி வேலை அதுதான்.

இந்த ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்பதற்கு நம் திட்டங்களில் நேரான பதில் இல்லை. பிரிட்டனில் 1994 முதல் உள்ள 'ஆக்சஸ் டு வொர்க்' திட்டம் இப்படிப்பட்ட துணையாளரின் செலவையும் ஏற்கிறது. அங்கேயும் காத்திருப்பு நீளம் என்று புலம்பல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு தூரம் போக வேண்டாம். களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே குடும்பஸ்ரீ என்கிற மகளிர் அமைப்பும் உள்ளாட்சியும் சேர்ந்து நடத்தும் 'பட்ஸ்' பள்ளிகளும், பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்கான பட்ஸ் மறுவாழ்வு மையங்களும் உண்டு. வேலைத் துணையாளர் முறை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் பதினெட்டு வயதுக்குப் பிறகு இந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே ஊராட்சி 'நான்' என்று கை தூக்குகிறது. இங்கே பள்ளி முடிந்த மறுநாள் முதல் வீடுதான் பொறுப்பு.

உலக வங்கிக் கடனோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' சேவை மையங்கள் வருகின்றன, முன்களப் பணியாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள். நல்ல ஏற்பாடு. அந்த அமைப்புக்குள்ளேயே வட்டத்துக்கு இரண்டு வேலைத் துணையாளர்களைச் சேர்த்தால் நம் ஆறு வட்டங்களுக்குப் பன்னிரண்டு பேர். இடஒதுக்கீட்டில் இன்னோர் அரை விழுக்காடு கேட்பதைவிட இந்தப் பன்னிரண்டு பேரைக் கேட்பதில் பலன் அதிகம் என்பது என் கணக்கு.

வீட்டுக் கணக்கு

அரசு தரும் பணத்தில் குடும்பங்கள் உறுதியாக நம்புவது பராமரிப்பு உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். கோணத்தில் உள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஓராண்டு காத்திருந்தால், படிப்பைப் பொறுத்து 600 முதல் 1,000 வரை மாற்றுத்திறனாளிகளுக்கான வேலையில்லாதோர் உதவித்தொகையும் உண்டு. கொட்டிக் கொடுக்கிற பணம் இல்லை. ஆனால் மாதாமாதம் வரும். கடைச் சோலியோ இன்றைக்கு இருக்கும், நாளைக்கு அண்ணாச்சி கடையை மூடிவிட்டு மகனிடம் துபாய் போய்விடுவார். வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமோ, நின்றபின் வேலையும் போனால் மறுபடி மனு, மறுபடி சான்று, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் வரிசை என்று அலைய வேண்டுமோ என்ற பயம் வீட்டில் உண்டு. "இருக்கட்டும், வீட்டுலயே இருக்கட்டும்" என்று அம்மாக்கள் சொல்வதில் பாசம் பாதி, இந்தக் கணக்கு பாதி. வேலைக்குப் போன முதல் ஓராண்டுக்குத் தொகையை நிறுத்தாமல், வேலை போனால் தானாகத் திரும்பும்படி ஒரு விதி இருந்தால் இந்தப் பயத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

பதினெட்டு வயதில் வரும் இன்னொரு குழப்பம் காப்பாளர் சான்று. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். வங்கியில் கேட்பார்கள் என்று எல்லோரும் வாங்கி வைக்கிறார்கள். 2016 சட்டமோ, ஒருவர் சார்பில் எல்லா முடிவையும் எடுப்பதற்குப் பதில் அவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட காப்பாளரைத்தான் முன்வைக்கிறது. எல்லாவற்றுக்கும் அப்பாதான் கையெழுத்து என்று காகிதத்தில் இருக்கும் ஒருவரை, "இவர் பொறுப்பா வேலை பார்ப்பார்" என்று முதலாளியிடம் சொல்வது சிரமம். தேவைக்கு மேல் வாங்காமல் இருப்பது நல்லது.

பஸ் மட்டும் சிக்கலில்லாமல் நடக்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. வடசேரியில் இறங்கி எந்த வண்டிக்கு மாறுவது என்பதைப் பழக்குவதற்குத்தான் மறுபடியும் அந்தத் துணையாளர் வேண்டும்.

எங்கள் உறவில் ஒரு பையன். ஆட்டிசம், லேசானது என்று சான்று. இரண்டு வருஷம் முன்பு பக்கத்து ஊர் மொத்த விற்பனைக் கடை ஒன்றில் சேர்த்துவிட்டோம். அங்கே பழைய ஆள் ஒருவர் இருந்தார், ஐம்பது வயதிருக்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர் ஒரு வேலை செய்தார். அடுக்குத் தட்டுகளில் சாக்பீஸால் எண் போட்டார். 1-ல் சோப்பு, 2-ல் தேயிலை. பையன் காலாவதித் தேதி பார்த்துப் பழைய சரக்கை முன்னால் நகர்த்துவான். ஏழு மாதத்தில் ஒரு பாக்கெட் பிசகவில்லை. அந்த மனிதர் முட்டுவலி என்று நின்றுவிட்டார். வந்த புதியவர் கடையைக் கழுவி, தட்டுகளைத் துடைத்து, சரக்கை மாற்றி அடுக்கினார். வேறு தப்பு எதுவும் செய்யவில்லை. பையன் இரண்டு நாள் கடை வாசல் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். மூன்றாம் நாள் போகவில்லை. முதலாளி போன் செய்து, "என்னண்ணே, நல்லாத்தானே வந்திட்டிருந்தான்" என்றார். சாக்பீஸ் எண்ணை மறுபடி போட்டுத் தர முடியுமா என்று கேட்டோம். கடை அழுக்காகத் தெரிகிறது, அது மட்டும் வேண்டாம் என்றார்.